தீபாவளி போனஸ் கிறிஸ்துமஸ் வரை தாங்குமா?

[காட்சி: வேலூர், தோட்டப்பாளையத்தில் ஒரு தெரு. இரவு பதினொரு மணி. தூரத்தில் டிரம் சத்தம்.]

கேரல் குழு வாசலுக்கு வந்துவிட்டது. இருபது பேர். பாடியாயிற்று, ஜெபமும் செய்தாயிற்று. கிறிஸ்துமஸ் தாத்தா குழந்தைக்கு மிட்டாய் கொடுத்துக் கைகுலுக்குகிறார். அடுத்து காணிக்கைப் பை நீளும். பிறகு இருபது பேருக்கும் டீயும் பிஸ்கட்டும். இந்தச் செலவை எந்த வீட்டிலாவது முன்கூட்டியே எழுதி வைத்ததுண்டா? எங்கள் வீட்டில் இல்லை.

[காட்சி: தோல் தொழிற்சாலை வாசல், மாலை.]

ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலைக்குப் போகும் ஒருவர், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். போனஸ் சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம். ஆண்டுச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஆனால் கணக்கிடும் சம்பளத்துக்கு வரம்பு உண்டு; முழு மாதச் சம்பளம் கைக்கு வந்துவிடாது. வருவதும் தீபாவளியை ஒட்டித்தான். இவர்கள் பட்டாசு வெடிப்பதில்லை. ஆனாலும் கடனும் பள்ளிக் கட்டண பாக்கியும் அந்தப் பணத்தை வெடித்துத் தீர்த்துவிடுகின்றன.

போகட்டும், டிசம்பர் சம்பளம்? 25-ம் தேதி என்பது மாதக்கடைசி. சில முதலாளிகள் மனமிரங்கி 24-ம் தேதியே சம்பளம் போடுவார்கள். அடுத்த சம்பளம் ஜனவரி 31 என்றால் நடுவில் 38 நாள். அதற்குள் பொங்கல் வேறு.

[காட்சி: லாங்கு பஜார். துணிக்கடைக் கூட்டம்.]

இப்போது செலவுக்கு வருவோம். துணி இரண்டு செட்: கிறிஸ்துமஸுக்கு ஒன்று, டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனைக்கு ஒன்று. நான்கு பேருக்கு எட்டு செட், சராசரி 1,200 ரூபாய் என்று வைத்தால் 9,600. தையல் கூலி 1,400. இரண்டு நாள் பிரியாணிக்குக் கறியும் சீரகச் சம்பாவும் 3,000. கேக், பலகாரம் 2,500. கேரல், காணிக்கை, நட்சத்திரம், விளக்கு 1,500. ஆக மொத்தம் 18,000. உங்கள் வீட்டுத் தொகை வேறாக இருக்கலாம். பாதிக்கு மேல் துணிக்குப் போவது மாறாது என்றே நினைக்கிறேன்.

பலகாரத்தைக் குறைக்கலாமே என்பார்கள். முடியாது. தீபாவளிக்கு எதிர்வீட்டு அக்கா அதிரசம் கொடுத்தார். ரம்ஜானுக்குப் பின்வீட்டிலிருந்து தூக்குச்சட்டி நிறைய பிரியாணி வந்தது. அந்தத் தட்டும் சட்டியும் அலமாரியில் காத்திருக்கின்றன. அச்சு முறுக்கும் கல்கலாவும் கேக்கும் வைத்துத்தான் திருப்பித் தர வேண்டும். குறைக்க வேண்டியது துணியில்தான்.

[காட்சி: வங்கி, பாஸ்புத்தகம்.]

இந்தத் தொகையை எப்படிச் சேர்ப்பது? பண்டிகைச் சீட்டு இங்கே பலருக்கும் பழக்கம். எங்கள் தெருவிலும் ஒருவர் நடத்தினார். பத்து மாதம் கட்டிய பிறகு வீட்டில் பூட்டு தொங்கியது. மாதாமாதம் கட்டும் வங்கித் தொடர் வைப்பில் (RD), சீட்டுக்காரர் தருவதுபோல் எண்ணெய் டின்னும் பித்தளைக் குடமும் தரமாட்டார்கள். ஆனால் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை வைப்புக் காப்பீடு உண்டு.

ஜனவரியிலேயே தொடங்குங்கள் என்று சொல்வது சுலபம். ஜனவரியில்தான் கை வறண்டு கிடக்கிறது. மார்ச்சில் தொடங்குங்கள். ஒன்பது மாதத் தவணை, மாதம் 2,000. நவம்பரோடு 18,000. ஆண்டு வட்டி ஆறு சதவீதமென்றால் கூட ஏறக்குறைய 450 ரூபாய் வரும். டிசம்பர் முதல் வாரத்தில் பணம் கையில் இருக்கும். கடைசி நேர நெரிசலுக்கு முன்பே துணி எடுத்துவிடலாம், தையல்காரரும் முகம் சுளிக்கமாட்டார்.

[காட்சி: இஸ்திரி போட்டு மடித்து வைத்த இரண்டு சட்டைகள்.]

துணியை ஒரு செட்டாக்கினால் 4,800 மிச்சம். 25-ம் தேதி போட்ட சட்டையையே துவைத்து இஸ்திரி போட்டு 31-ம் தேதி இரவு போட்டுக்கொள்ளலாம். பிள்ளைகளிடம் இதை யார் சொல்வது என்பதை மட்டும் வீட்டில் நீங்களே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.