1941 கிறைஸ்லர் தண்டர்போல்ட்: ஏலத்தில் எஞ்சினை விடுங்க, கூரையைப் பாருங்க!

வணக்கம் மக்களே! இந்தக் காரைச் சுற்றி ஒரு நடை வாருங்கள். முன்னால் விளக்கு தெரியாது, கதவில் கைப்பிடி கிடையாது. 1941 மாடல்! மொத்தமே ஐந்து கார், அதில் மிஞ்சியது நான்கு. ஏலத்துக்கு வந்தால் இதற்கு எப்படி விலை சொல்வது?

பின்னணியைச் சட்டென்று முடிக்கிறேன். அலெக்ஸ் ட்ரெமுலிஸ் வரைந்தது, லெபாரன் பட்டறை கட்டியது. அமெரிக்க கார் கம்பெனி கிறைஸ்லர் ஊர் ஊராக அனுப்பிக் காட்டியது. அப்புறம் போர் வந்தது. அவ்வளவுதான்.

பானெட்டைத் திறந்தால் 323.5 கன அங்குல, எட்டு சிலிண்டர் எஞ்சின். கிறைஸ்லரின் அன்றைய நியூயார்க்கர் காரிலும் இதேதான். அதனால் எஞ்சினுக்கு நான் பெரிய மார்க் போட மாட்டேன்.

காசு இருப்பது கூரையில்! பட்டனை அழுத்தினால் உலோகக் கூரை முழுசாக எழுந்து பின்பக்கம் போய் ஒளிந்துகொள்ளும். இந்த யோசனை கிறைஸ்லருடையது இல்லை. 1930-களிலேயே பிரான்சில் பெஜோ காருக்கு இப்படி ஒரு கூரையை வடிவமைத்தவர் ஜார்ஜ் போலான். அவர் தொழில்? பல் டாக்டர்! நாளெல்லாம் "வாயைத் திறங்க, மூடுங்க" என்று சொல்பவருக்குக் கார் கூரையைப் பார்த்தாலும் அதுதானே தோன்றும்? சிரிப்பு இருக்கட்டும், அந்த மனிதர் நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்து ரகசியமாக வேலை செய்து, 1942-இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

சரி, ஏலத்துக்கு வருவோம். கூரையைத் திறந்து மூடிக் காட்டச் சொல்லுங்கள். பாதியில் நின்றால் பயப்படாதீர்கள், உள்ளே இருப்பது பழைய மோட்டார்தானா என்று கேளுங்கள். வழுக்கிக்கொண்டு போகும் புது மோட்டாரைவிட முக்கி முனகும் அசல் மோட்டாருக்குத்தான் என் ஓட்டு. கடையில் வாங்க முடியாத பாகம் அது.

இன்னொரு விஷயம். பழைய கார் என்றதும் நாம் காந்தத்தை எடுத்துக்கொண்டு கிளம்புவோம், பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது என்று. இங்கே அந்த வித்தை பலிக்காது. உடலில் பெரும்பகுதி அலுமினியம், பட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் காந்தம் ஒட்டாது! பெயின்ட் கனத்தை அளக்கும் மீட்டர்தான் வேண்டும், அதுவும் அலுமினியத்தில் வேலை செய்கிற ரகமாக.

அரிது என்பதாலேயே விலை ஏறிவிடும் என்றும் நினைக்காதீர்கள். 2018-இல் கலிபோர்னியாவின் பெபிள் பீச்சில் நடந்த ஏலத்தில் 1935 டூசன்பெர்க் எஸ்.எஸ்.ஜே. என்ற அமெரிக்க கார் 2.2 கோடி டாலருக்குப் போனது. செய்தது இரண்டே இரண்டு, சரி. ஆனால் அது நடிகர் கேரி கூப்பர் ஓட்டிய வண்டி! ஷோரூமில் நின்ற தண்டர்போல்ட்டுக்கு அப்படி ஒரு ஓட்டுநர் கதை எங்கே?

முனகும் பழைய மோட்டாரா, சத்தமில்லாத புது மோட்டாரா? உங்கள் கட்சி எது, கமெண்டில் சண்டை போடுங்கள். அப்படியே சப்ஸ்கிரைப் பட்டனையும் ஒரு அழுத்து. கூரை திறக்காது, நான் சந்தோஷப்படுவேன்.