60 ரூபா மண்சட்டி ஜெயிச்சிடுச்சு! என் பூனை மிளகு இப்ப தண்ணி குடிக்கிறான்

வணக்கம் மக்களே! பின்னாடி பாருங்க, பீரோ மேல வாலைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கான் நம்ம பெங்கால் பூனை மிளகு. ரெண்டு வாரமா ஏன் அவனைக் காட்டலன்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்க. காட்டுற நெலமையில நான் இல்ல. இப்பதான் மனசு ஆறியிருக்கு, சொல்றேன்.

கத்திரி வெயில் ஆரம்பிச்ச வாரம். வேலூர் சத்துவாச்சாரியில நம்ம மாடி வீடு உங்களுக்குத் தெரியும், மத்தியானம் தரையில கால் வைக்க முடியாது. இவன் ஒண்ணுக்குப் போற மண் தட்டுல போய் உக்கார்றான், எழுந்திருக்கான், மறுபடி போய் உக்கார்றான். தோண்டிப் பாத்தா மூத்திரத்துல மண் கட்டிப் போய் நெல்லிக்காய் சைஸ்ல ஒரே ஒரு உருண்டை. எப்பவும் எலுமிச்சம்பழம் அளவுக்கு இருக்கும். எனக்கு வயித்துல புளியக் கரைச்சிடுச்சு. ஆண் பூனைக்கு மூத்திரக் குழாய் ரொம்பக் குறுகல். அது அடைச்சுக்கிட்டா ரெண்டு மூணு நாள்ல உயிரே போயிடும். கூடையில போட்டு ஆட்டோ புடிச்சு ஓடினேன்.

டாக்டரம்மா வயித்தைத் தொட்டுப் பாத்துட்டு அடைப்பு இல்லன்னாங்க. அப்பதான் மூச்சே வந்துச்சு. ஆனா டெஸ்ட்ல மூத்திரம் ரொம்பக் கெட்டியா இருக்கு, கிரிஸ்டல், அதாவது பொடிப் பொடியா உப்புத் துகள் இருக்கு. "இன்னா சாப்பாடு?"ன்னு கேட்டாங்க. நல்ல விலையுள்ள ட்ரை ஃபுட், அதான் அந்தக் காஞ்ச பிஸ்கட் மாதிரி இருக்குமே, அதுன்னு பெருமையா சொன்னேன். "தண்ணி எவ்ளோ குடிக்கிறான்?"னாங்க. பதில் இல்ல.

பூனையோட முன்னோருங்க வறண்ட காட்டுல இருந்து வந்தவங்க. தாகம் அவ்வளவா தெரியாது, புடிச்சுத் தின்ற இரையிலேயே தண்ணி கெடைச்சிடும். எலி உடம்புல 70 சதவீதம் கிட்ட தண்ணிதான். ட்ரை ஃபுட்ல 10 சதவீதம் இருந்தா பெருசு. பவுச்சுல வர்ற ஈரமான வெட் ஃபுட்ல 80 கிட்ட இருக்கு. வேலூர் வெயில்ல வெறும் பிஸ்கட்டை மென்னுட்டிருந்தா பாவம் அவன் என்ன பண்ணுவான்?

முதல்ல நான் வாங்கினது ஃபவுண்டன், மோட்டார் வச்சுத் தண்ணியை ஓட விடுற பாத்திரம். 1,850 ரூபா மக்களே! ஓடுற தண்ணின்னா பெங்காலுக்குப் பிடிக்கும்னு வாங்கினேன். நாலு நாள்ல நம்ம போர் தண்ணியோட உப்பு வெள்ளையாப் படிஞ்சு மோட்டார் கொர்ர்ருன்னு கத்த ஆரம்பிச்சிடுச்சு. அந்தச் சத்தத்துக்கே இவன் பீரோ மேல ஏறிட்டான். கரண்ட் போனா அதுவும் நின்னுடும். மூணு ஃபில்டர் 450 ரூபா தனி. வித்தவங்களுக்குப் போன் பண்ணா, மினரல் வாட்டர் ஊத்துங்கன்றாங்க. பூனைக்குக் கேன் தண்ணியா? அவ்ளோ கோவம் வந்துச்சு.

அப்புறம் காட்பாடி போற வழியில ரோட்டோரம் மண்பாண்டம் கடை ஒண்ணு. கரிகிரி மண்பாண்டத்துக்குப் பேர் போன ஊரு நம்மளுது, எனக்கு அதுவரைக்கும் தோணவே இல்ல பாருங்க. வாயகலமான சட்டி ஒண்ணு. அந்தம்மா 80 சொன்னாங்க, 60க்குக் குடுத்தாங்க. ராத்திரி முழுக்க ஊறவச்சு, காலையில தண்ணி ஊத்தி ஜன்னலோரம் வச்சேன். வந்தான், மோந்தான், முன்னங்காலை உள்ள விட்டுத் துழாவினான். அப்புறம் குனிஞ்சு சளக் சளக்னு குடிக்கிறான்! நான் அடுப்பை அணைச்சுட்டு அசையாம நின்னுட்டேன். நிறுத்தாம ஒரு நிமிஷம் குடிச்சான்.

ஆங், ஒண்ணு மறந்துட்டேன். சட்டியைச் சோத்துத் தட்டு பக்கத்துல வைக்கல, தள்ளி வச்சேன். நெறைய பூனைங்களுக்குச் சாப்பாடு பக்கத்துல தண்ணி இருந்தா பிடிக்காது.

சாப்பாடும் மாத்திட்டேன். காலையில ஒரு வெட் ஃபுட் பவுச், ராத்திரி ஒரு பவுச், நடுவுல கொஞ்சம் ட்ரை. பவுச் ஒண்ணு 50 ரூபா, மாசம் 3,000 ஆகுது. ஒரே நாள்ல மாத்தல, பழசுல கொஞ்சம் கொஞ்சமா கலந்து பத்து நாள் எடுத்துக்கிட்டேன். "பட்டினி போடு, பசிச்சா தின்னும்"னு சிலர் எழுதியிருந்தீங்க. தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க. பூனை ரெண்டு மூணு நாள் சாப்பிடலன்னாலே ஈரல்ல கொழுப்பு சேந்து ஆபத்தாயிடும்.

கொசுறா கோழி ஹார்ட். கடைக்கார அண்ணன் கால் கிலோ தனியா எடுத்து வைக்கிறாரு. அதுல டாரின்னு ஒரு சத்து நெறைய. பூனை உடம்புக்கு அதைப் போதுமான அளவு செஞ்சுக்கத் தெரியாது. டாரின் கொறைஞ்சா பூனைக்கு இதயம் வீங்குதுன்னு 1987ல கலிபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழகத்துலதான் கண்டுபிடிச்சாங்க. உப்பு, மஞ்சள் எதுவும் போடாம வேகவைக்கணும். வேகவச்ச தண்ணியக் கொட்டாதீங்க, டாரின் அதுல எறங்கிடும். ஆறவச்சு அதையும் சேத்து ஊத்துறேன், தண்ணியும் உள்ள போகுது பாருங்க. ஆனா தினமும் ரெண்டு துண்டுதான். வெறும் கறியே போட்டு வளத்தா கால்சியம் பத்தாம எலும்பு வீணாயிடும்.

"பெங்கால் காட்டு ரத்தம், பச்சைக் கறிதான் போடணும்"னு சொல்றதையும் நான் ஏத்துக்க மாட்டேன். காட்டுல வாழுற சிறுத்தைப் பூனையையும் வீட்டுப் பூனையையும் கலந்து வந்த இனம்தான், 1960கள்ல ஜீன் மில்னு ஒரு அம்மா அமெரிக்காவுல ஆரம்பிச்சாங்க. ஆனா மிளகு அதுல இருந்து எத்தனையோ தலைமுறை தள்ளி. மத்த வீட்டுப் பூனைக்குத் தேவையான சத்துதான் இவனுக்கும்.

எங்க ஆயா மட்டும்தான் இன்னும் வழிக்கு வரல. "பூனைக்குப் பால் ஊத்தாம இன்னாத்த ஊத்துவாங்க?"ன்றாங்க. ஆயா, வளந்த பூனைக்குப் பால் செரிக்காது, வயித்தால போகும்னு தினமும் சொல்றேன். எதிர்வீட்டு அக்கா ஞாயித்துக்கிழமை பிரியாணி எலும்பு கொண்டாந்தாங்க, பாசமாத்தான். வெந்த எலும்பு சில்லு சில்லா ஒடைஞ்சு குடல்ல குத்தும். அதுல வெங்காயம், பூண்டு வேற, ரெண்டும் பூனையோட ரத்த அணுவையே அழிச்சிடும். கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பிக் குடுத்தேன்.

இன்னிக்குக் காலையில மண் தட்டைத் தோண்டினேன். மூணு உருண்டை. ஒவ்வொண்ணும் நல்ல எலுமிச்சம்பழம் சைஸ். ஃபோட்டோ எடுத்து டாக்டரம்மாவுக்கு அனுப்பிட்டேன். வெள்ளிக்கிழமை மறுபடி டெஸ்ட், அந்த ரிசல்ட்டோட வர்றேன் மக்களே.