முதலில் உருண்டை, அப்புறம் சரம்

பின்வரிசைக்குக் கேட்கிறதா? சரி.

கதம்பச் சரம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மல்லிகை, கனகாம்பரம் இரண்டே பூ, ஏதோ ஒரு வரிசையில் தொடுத்திருக்கிறது. அறுக்காமல், வரிசையையும் மாற்றாமல், கனகாம்பரம் எல்லாம் உள்ளே போகும்படி அதை உருண்டையாகச் சுருட்ட வேண்டும். புரதமும் அமினோ அமிலங்கள் தொடுத்த சரம்தான்; 1989-இல் லா, கென் டில் என்ற ஆய்வாளர்கள் அது மடிவதை ஏறக்குறைய இப்படித்தான் பார்த்தார்கள். இருபது வகை அமினோ அமிலங்களையும் தண்ணீரை வெறுப்பவை (நம் கனகாம்பரம்), விரும்புபவை (மல்லிகை) என்று இரண்டாக்கி, ஒவ்வொன்றையும் கட்டத்தில் ஒரு புள்ளியில் உட்காரவைத்தார்கள். வெறுப்பவை ஒன்றையொன்று எவ்வளவு அதிகம் தொடுகிறதோ அவ்வளவு நல்ல மடிப்பு. ரொம்ப எளிமையாகத் தெரிகிறது இல்லையா? ஆனால் இதுவே என்பி-முழுமையான கணக்கு, அதாவது எல்லாச் சரத்துக்கும் வேகமாகத் தீர்க்கும் வழி யாருக்கும் தெரியாத வகைக் கணக்கு, என்று 1998-இல் நிரூபித்துவிட்டார்கள்.

எத்தனை வழிகள் இருக்கின்றன என்று பாருங்கள். பழக்கடையில் ஆரஞ்சைக் கோபுரமாக அடுக்கியிருப்பார்களே, அதில் உள்ளே இருக்கும் ஒரு பழம் 12 பழங்களைத் தொடும். அந்த அடுக்கையே கட்டமாக வைத்து, ஓர் அமினோ அமிலத்துக்கு ஒரு மணி என்று 100 மணிச் சரத்தை ஓட்டினால், வந்த வழியை விட்டால்கூட ஒவ்வொரு அடிக்கும் 11 திசை, பெருக்கிப் பார்த்தால் வரும் எண் 100 இலக்கத்தைத் தாண்டும்.

ஜெர்மனியின் ரோல்ஃப் பேக்கோஃபனும் செபாஸ்டியன் வில்லும் செய்த வேலையில் எனக்குப் பிடித்ததே, முதலில் சரத்தைத் தொடாததுதான். 40 கனகாம்பரம் இருக்கிறதா? 40 புள்ளிகளை எப்படிக் குவித்தால் தொடுதல் அதிகபட்சம் என்று மட்டும் கணக்குப் போட்டு, அந்த உருண்டைகளைச் சேமித்துவைத்தார்கள். அது எந்தச் சரத்துக்கும் பொது, ஒருமுறை செய்தால் போதும். அப்புறம்தான் கன்ஸ்ட்ரெய்ன்ட் புரோகிராமிங், அதாவது நிபந்தனைகளைச் சொல்லிவிட்டு அவற்றுக்குப் பொருந்தும் விடையைக் கணினியைத் தேடவைக்கும் முறை, சரத்தைக் கோக்கிறது: வெறுப்பவை உருண்டைக்குள், மற்றவை வெளியே, அடுத்தடுத்த மணிகள் பக்கத்துப் பக்கத்தில், ஒரு புள்ளியில் ஒரு மணிதான். ஒரு மணியை ஓரிடத்தில் வைத்ததும் அண்டை மணிகளுக்கு இருந்த இடங்கள் மளமளவென்று குறையும். ஏதாவது ஒரு மணிக்கு இடமே இல்லையென்றால் பின்வாங்கி வேறு வழி. எந்த வழியும் இல்லையென்றால் அடுத்த உருண்டை, அதுவும் தீர்ந்தால் ஒரு தொடுதல் குறைந்த உருண்டை. முதலில் எது கோக்கப்படுகிறதோ அதைவிட நல்லது இல்லை, அவ்வளவுதான்.

புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஆல்ஃபாஃபோல்ட் 2024-இல் நோபல் வரை போய்விட்டதே, இனி இது எதற்கு என்பீர்கள். நிஜப் புரதத்தின் வடிவம் வேண்டுமென்றால் நானும் ஆல்ஃபாஃபோல்டைத்தான் திறப்பேன். இந்த முறையின் மதிப்பு வேறிடத்தில். சமமாக நல்ல மடிப்புகள் எல்லாவற்றையும் இது எண்ணித் தரும், பல சரங்களுக்கு அது ஆயிரக்கணக்கில் வரும், நிஜப் புரதமோ பெரும்பாலும் ஒரே வடிவத்தில் நிற்கும். தோராயமான தேடலாக இருந்தால் ஓட்டை தேடலிலா, புரதத்தை இப்படி எளிமையாக்கிய மாதிரியிலா என்றே தெரியாது. இங்கே தேடல்மேல் பழிபோட வழியில்லை. இருபதை இரண்டாக்கினோமே, அதன் கூலி.