மொட்டை மாடியில வினிகர், எண்ணூர்ல அமோனியா

வணக்கம் மக்களே! தண்டையார்பேட்டை, எங்க வூட்டு மொட்டை மாடி. கீழ லாரி ஹாரன் அடிச்சிகினே இருக்கும், கண்டுக்காதீங்க.

எதிர்வூட்டு அக்கா எண்ணூர்ல வாக்கப்பட்டவங்க. 2023 டிசம்பர் 26 ராத்திரி, பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில போற குழாயில அமோனியா கசிஞ்சுதே, அப்ப புள்ளைங்கள தூக்கினு ஓடுனவங்க. அவங்க நேத்து ஒரு கேள்வி கேட்டாங்க. "ஏம்ப்பா, கேஸு தண்ணில கரைஞ்சு போச்சுன்னா அடங்கிடணும்ல? அப்பால மீனு ஏன் சாவுது?"

சூப்பர் கேள்வி. நான் கெமிஸ்ட்ரி படிச்சவன், எனக்கே இது மூணு வருசம் தோணல.

அமோனியா தண்ணில ரெண்டு வேஷம் போடும். ஒண்ணு அமோனியாவாவே இருக்கும். மூக்கைத் துளைக்குறது அதுதான், மீனோட செவுள் வழியா ஈஸியா உள்ள போறதும் அதுதான். இன்னொண்ணு, ஒரு ஹைட்ரஜன் அயனியப் புடிச்சிகினு அம்மோனியமா மாறிடும். அதுக்கு சார்ஜ் வந்துடும், செவுள் அவ்ளோ சுலபமா உள்ள வுடாது. எது எவ்ளோன்னு ரெண்டு நம்பர் முடிவு பண்ணும். ஒண்ணு தண்ணியோட பிஹெச், அதாவது தண்ணி எவ்ளோ ஆசிடுன்னு காட்டுற அளவு, நம்பர் குறைஞ்சா ஆசிடு ஜாஸ்தி. இன்னொண்ணு அந்தப் பொருளோட பிகேஏ, அதாவது எந்த பிஹெச்ல அது பாதி ஹைட்ரஜன் அயனிய வுட்டிருக்கும்னு சொல்ற நம்பர்.

அம்மோனியத்துக்கு 25 டிகிரியில பிகேஏ 9.25. தண்ணி பிஹெச்சும் அதே 9.25ன்னா பாதிக்குப் பாதி. பிஹெச் 7ன்னா நூத்துல ஒரு பங்கு கூட அமோனியா கிடையாது. 8ன்னா அஞ்சு பங்கு. தண்ணி 30 டிகிரிக்கு சூடானா பிகேஏ 9.1 கிட்ட இறங்கிடும், அதே பிஹெச் 8ல இப்ப ஏழு பங்குக்கு மேல. அன்னிக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடல்தண்ணில லிட்டருக்கு 49 மில்லிகிராம் அமோனியான்னு சொன்னாங்க, வரம்பு 5. அந்த 49ல எவ்ளோ மீனைக் கொல்லும்னு பிஹெச் தெரியாம சொல்ல முடியாதுக்கா.

சரி, இந்த பிகேஏ நம்பரை எப்படிக் கண்டுபுடிக்குறாங்க? அமோனியாவ மாடியில வெச்சு செஞ்சா பாதி காத்துல போய்டும், எனக்கும் கண்ணு எரியும். அதனால வினிகர், அதுல இருக்குறது அசிட்டிக் ஆசிடு. இது நூடுல்ஸ் கடைக்காரர்ட்ட வாங்குனது.

பத்து மடங்கு தண்ணி கலந்துட்டேன். காய்ச்சி ஆறவெச்ச டிஸ்டில்டு வாட்டர். ஏன் காய்ச்சணும்? தண்ணில காத்துல இருக்குற கார்பன் டை ஆக்சைடு கரைஞ்சிருக்கும், அதுவும் ஒரு ஆசிடு. பங்காளி மாதிரி நடுவுல வந்து உக்காந்துக்கும். இதுல 25 மில்லி எடுத்துக்குறேன். ப்யூரெட்ல, அதாவது சொட்டு சொட்டா வுடற அளவுக் குழாயில, 0.1 மோலார் காஸ்டிக் சோடா. கண்ணாடி போட்டுகினேன், நீங்களும் போடுங்க.

மீட்டர்ல ஆரம்பத்துல பிஹெச் 3 கிட்ட. சொட்டு சொட்டா வுடறேன், மெதுவா ஏறுது. இங்க பாருங்க, 16 மில்லி தாண்டுனதும் திடீர்னு எகிறுது. 16.8ல அமிலம் முழுசும் தீர்ந்துச்சு. பிராக்டிகல் பரீட்சையில பிங்க் கலர் வந்ததும் நோட்ல எழுதிட்டு கெளம்பிடுவோம். ஆனா நமக்கு வேணுங்குறது முடிவுல இல்ல, பாதி வழியில. 8.4 மில்லியில பாதி அமிலம் ஹைட்ரஜன் அயனிய வுட்டுட்டு அசிடேட்டா மாறியிருக்கும், மீதி பாதி அப்படியே இருக்கும். அங்க பிஹெச் எவ்ளோவோ அதுதான் பிகேஏ. எனக்கு 4.7.

புக்ல 4.76. எங்க போச்சு மிச்சம்? மீட்டரா? இல்ல. தண்ணில அயனிங்க கூட்டமா இருக்குறப்போ ஒண்ணை ஒண்ணு இழுக்கும், அதனால கொஞ்சம் கம்மியாத்தான் தெரியும். புக்ல போடுறது கூட்டமே இல்லாத நிலைமைக்குக் கணக்குப் போட்ட நம்பர். வெயில் மேல பழி போட்டுடலாம்னு பார்த்தேன், முடியல. அசிட்டிக் ஆசிடுக்கு சூடு பெருசா ஒண்ணும் பண்ணாது. அம்மோனியம் மாதிரி இல்ல.

காலையில செஞ்சப்போ 4.95 வந்துச்சுங்க, அதையும் சொல்லிடறேன். சோம்பேறித்தனம். மீட்டரை 6.86 பஃபர்ல, அதாவது பிஹெச் முன்னாடியே தெரிஞ்ச கரைசல்ல, மட்டும் செட் பண்ணேன், 4.01 பாக்கெட்டைப் பிரிக்கவே இல்ல. மீட்டரோட எலக்ட்ரோடு, அதான் தண்ணில முக்குற குச்சி, பழசு, ஒரு புள்ளியில சரியா நின்னாலும் தள்ளிப் போகப் போக தப்பு காட்டும். ரெண்டு பஃபர்லயும் செட் பண்ணாம யாரும் ஆரம்பிக்காதீங்க.

அடுத்த வாரம் பாஸ்பாரிக் ஆசிட். அதுக்கு மூணு பிகேஏ, 2.15, 7.2, அப்பால 12 தாண்டி ஒண்ணு. அந்த மூணாவது இந்த மீட்டருக்குச் சிக்கவே சிக்காது, ஏன்னு அன்னிக்குச் சொல்றேன். இப்ப எலக்ட்ரோடைக் கழுவி பொட்டாசியம் குளோரைடு கரைசல்ல போடணும், காஞ்சா வேலைக்கே ஆவாது. வரேன்.