எதிர்நீச்சல் அடுப்படியும் சேரனின் அடுப்படியும்

வணக்கம் மக்களே, எல்லாரும் சாப்பிட்டாச்சா? இன்றைக்கு முழுக்க சீரியல் பேச்சுதான். சீரியலே பார்க்காதவர்களும் கொஞ்ச நேரம் உட்காருங்கள், ரொம்ப நாளாக மனதில் வைத்திருந்ததைச் சொல்லப்போகிறேன்.

எங்கள் வீட்டில் இப்போது இரண்டு சீரியல் ஓடுகிறது. சன் டிவியில் 'எதிர்நீச்சல் தொடர்கிறது', விஜய் டிவியில் 'அய்யனார் துணை'. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. இரண்டிலும் எனக்குப் பிடித்த இடம் அடுப்படி. ஹாலில் என்ன சண்டை வேண்டுமானாலும் நடக்கட்டும், அடுப்படிப் பேச்சு வந்தால்தான் நான் நிமிர்ந்து உட்காருவேன்.

முதலில் எதிர்நீச்சல். முதல் பாகம் 2022 பிப்ரவரியில் தொடங்கி 2024 ஜூன் வரை வந்தது, 700 எபிசோடுக்கு மேல். இயக்கம் திருச்செல்வம். 2003 முதல் 2009 வரை 1,500 எபிசோடு தாண்டி ஓடியதே 'கோலங்கள்', அதை எடுத்தவர். அதில் தொல்காப்பியனாக நடித்ததும் இவரேதான். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம் அது. கதாநாயகி அபிக்கு ஒரு கஷ்டம் வந்தால் எங்கள் அம்மாவுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

எதிர்நீச்சல் மதுரைக் கதை. ஆதி குணசேகரன், அவருக்கு மூன்று தம்பிகள், வீட்டுக்கு நான்கு மருமகள்கள். படித்த பெண்ணாகப் பார்த்துப் பார்த்துக் கட்டிக்கொண்டு வருவார்கள், வந்ததும் அடுப்படியில் நிறுத்திவிடுவார்கள். ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி மூன்று பேரும் அப்படி வருஷக்கணக்கில் நின்றவர்கள். நான்காவதாக ஜனனி வந்த பிறகுதான் அந்த வீட்டில் கேள்வியே பிறக்கிறது.

அந்த அடுப்படிக் காட்சிகளைக் கவனித்திருக்கிறீர்களா? யாரும் சும்மா நின்று வசனம் பேச மாட்டார்கள். ஒருத்தி கத்தியை வைத்துக்கொண்டு நறுக்கிக்கொண்டிருப்பாள், ஒருத்தி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நந்தினி குணசேகரன் மாதிரியே குரலை மாற்றிப் பேசிக் காட்டுவாள், மற்ற மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நந்தினியாக வரும் ஹரிப்பிரியா அந்த இடத்தில் அடித்து நொறுக்குவார். அப்புறம் ஹாலிலிருந்து ஒரு சத்தம் வரும். நான்கு முகமும் ஒரே நேரத்தில் மாறும். ஈஸ்வரியாக நடித்த கனிகா அப்போது ஒன்றுமே செய்ய மாட்டார், பார்வையை மட்டும் கீழே இறக்குவார். பல வருஷம் பயந்து வாழ்ந்த பெண் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்துவிடும்.

எங்கள் அத்தை சீரியல் பார்க்கும்போது மடியில் எப்போதும் ஒரு முறம் இருக்கும். மறுநாளைக்கு முருங்கைக்கீரை ஆய்வார். கண் டிவியில், கை கீரையில், கை பாட்டுக்கு உருவிக்கொண்டே போகும். குணசேகரன் சத்தம் போட்டால் மட்டும் கை நின்றுவிடும். டிவி வெளிச்சத்தில் ஒரு கொத்து கீரையைப் பிடித்தபடி அப்படியே இருப்பார். காட்சி முடிந்து வேறு காட்சி வந்த பிறகுதான் விரல் மறுபடி நகரும். முதல் தடவை பார்த்தபோது நான் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாள் அவராகவே சொன்னார், தன் மாமனாரும் இப்படித்தான் ஹாலில் இருந்து கூப்பிடுவாராம். அத்தை அந்தக் காலத்திலேயே கல்லூரிக்குப் போய் பி.யூ.சி. படித்தவர் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எனக்குக் கல்யாணம் ஆகி இந்த வீட்டுக்கு வந்து எட்டு வருஷம் ஆகியும் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

மாரிமுத்து சாரைப் பற்றிச் சொல்லாமல் எப்படி? தேனிப் பக்கத்துக்காரர், சினிமாவில் இயக்குநராக இருந்தவர், கடைசியில் தமிழ்நாட்டு வீடெல்லாம் அவரைக் குணசேகரனாகத்தான் அறிந்தது. 'இந்தாம்மா' என்று சாதாரணமாக ஆரம்பிப்பார், 'ஏய்' என்பதில் வெடிப்பார். எங்கள் தெருவில் சின்னப் பையன்கள்கூட விளையாடும்போது அப்படித்தான் கத்துவார்கள். 2023 செப்டம்பர் 8 அன்று காலையில் இதே சீரியலுக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. அவர் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ராத்திரி அத்தை முறத்தை எடுக்கவே இல்லை. இவ்வளவு நாள் திட்டித் தீர்த்த மனுஷனுக்காக உட்கார்ந்து அழுதார். ஒரு வில்லனுக்காக வீட்டுக்கு வீடு அழுதார்கள் என்றால் அவர் எப்படி நடித்திருக்க வேண்டும்!

அப்புறம் குணசேகரனாக வேல ராமமூர்த்தி ஐயா வந்தார். எழுத்தாளர், ராமநாதபுரம் பக்கம் பெருநாழிக்காரர். ஆரம்பத்தில் என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை, உண்மையாகச் சொல்கிறேன். மாரிமுத்து சாரிடம் இருந்த அந்தக் குறும்பு இவரிடம் இல்லை. ஆனால் இவர் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது வருகிற பயம் வேறு மாதிரி. பழகப் பழக அது எனக்குப் பிடித்துவிட்டது.

முதல் பாகத்தில் குணசேகரன் மகள் தர்ஷினி கடத்தல் கதையை இழுத்த இழுப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அடுப்படியை விட்டுக் கதை வெளியே போனதும் அதன் பலம் குறைந்துவிட்டது. இரண்டாம் பாகமான 'எதிர்நீச்சல் தொடர்கிறது' 2024 டிசம்பரில் தொடங்கியது. ஜனனியாக மதுமிதாவுக்குப் பதில் பார்வதி. குணசேகரன் மகன் தர்ஷன் கல்யாண விஷயத்தையும் நிறைய இழுத்தார்கள். ஆனாலும் மருமகள்கள் தங்கள் காலில் நிற்கப் பார்க்கிற இடம் வந்தால் நான் டிவியை விட்டு நகர மாட்டேன்.

சரி, அந்த மதுமிதா எங்கே போனார்? அய்யனார் துணைக்கு! 2025 ஜனவரியில் ஆரம்பித்த சீரியல். சேரன், சோழன், பாண்டியன், பல்லவன் என்று நான்கு அண்ணன் தம்பிகள். வீட்டில் பெண்களே கிடையாது. அந்த வீட்டுக்குள் நிலாவாக மதுமிதா வருகிறார். பாருங்கள், அங்கே நான்கு பெண்கள் நிற்கிற அடுப்படிக்கு வந்தவர், இங்கே ஒரு பெண்கூட இல்லாத அடுப்படிக்கு வருகிறார்.

இந்த அடுப்படி சேரனுடையது. மூத்தவர், தம்பிகளுக்குச் சமைத்துப் போட்டே வளர்த்தவர். அவர் சமைப்பதை யாரும் பெரிய தியாகமாகக் காட்டுவதில்லை, அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பசிக்கிறது, சமைக்கிறார், பரிமாறுகிறார், அவ்வளவுதான். தம்பி சரியாகச் சாப்பிடவில்லை என்றால் அவர் முகம் வாடும். அம்மாவின் முகத்தில் மட்டுமே நான் பார்த்திருந்த வாட்டம் அது. டிவியில் ஒரு ஆண் முகத்தில் அதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

எங்கள் மாமா சீரியல் பக்கமே வர மாட்டார், பேப்பரை வைத்துக்கொண்டு திண்ணையில் இருப்பார். சேரன் வந்த பிறகு நாற்காலியை வாசல் நிலைக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்கிறார். பார்க்கவில்லை என்றுதான் சொல்வார். போன வாரம் ஒரு நாள் சீரியல் ஓடிக்கொண்டிருந்தபோதே அடுப்படியில் டம்ளர் உருளுகிற சத்தம் கேட்டது. பூனை என்று நினைத்து நான் எழுந்தேன், அத்தை என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் மாமா மூன்று டம்ளரில் பால் காய்ச்சிக் கொண்டுவந்தார். ஒன்றில் சீனியே இல்லை, ஒன்றில் இரண்டு பங்கு. அத்தை முறத்தைக் கீழே வைத்துவிட்டு, சீனி இல்லாத டம்ளரைத் தானே எடுத்துக்கொண்டார். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.