கூகுளில் எத்தனாவது இடம் என்று மட்டும் பார்க்காதீர்கள் | கொடைக்கானல் வ்லாக்

வணக்கம் மக்களே. இன்றைக்குப் பெருமாள்மலையிலிருந்து பேசுகிறேன். பின்னால் மலை தெரியும் என்று நம்பித்தான் கேமராவை இங்கே வைத்தேன். மேகம் இறங்கி எல்லாவற்றையும் மூடிவிட்டது. என் முகத்தையும் லேப்டாப் திரையையும் வைத்துச் சமாளித்துக்கொள்ளுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். மேல்மலைப் பக்கம் ஹோம்ஸ்டே நடத்துகிற ஒரு அண்ணன், சீசன் முடிந்ததும் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, நம்ம சைட் கூகுளில் எத்தனாவதா வருது?" பூண்டு விற்கிறவர், சாக்லேட் செய்கிறவர், டாக்சி ஓட்டுகிறவர், எல்லாருமே இதைத்தான் கேட்கிறார்கள். அந்த ஒரே எண்ணை நம்பி எந்த முடிவும் எடுக்க வேண்டாம் என்று சொல்லத்தான் இந்த வீடியோ.

அண்ணன் எப்படிச் சோதித்தார் தெரியுமா? கொடைக்கானல் ஏழு ரோட்டில் நின்றுகொண்டு, தன் போனில், தன் ஹோம்ஸ்டே பெயரையே அடித்தார். முதலில் வந்தது. சந்தோஷம். ஆனால் அறை எடுக்க வருகிறவர் ஏழு ரோட்டில் இல்லை, சென்னையில் இருக்கிறார், மதுரையில் இருக்கிறார். தேடுகிறவர் இருக்கும் இடத்தைப் பொறுத்து கூகுள் முடிவுகளை மாற்றிக் காட்டும். பிரவுசரின் தனி ஜன்னலான இன்காக்னிட்டோவில் தேடினால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது உங்கள் பழைய தேடல்களை ஒதுக்கிவைக்கும், இருக்கும் ஊரை மறைக்காது. அதோடு, சென்னைக்காரர் உங்கள் பெயரை அடிக்க மாட்டார். அவருக்கு உங்கள் பெயரே தெரியாது.

அதனால் சர்ச் கன்சோலைத் திறங்கள். உங்கள் தளம் கூகுள் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கருவி, கூகுளே இலவசமாகத் தருவது. 2015 வரை வெப்மாஸ்டர் டூல்ஸ் என்று பெயர். டொமைன், அதாவது தளத்தின் பெயர், வாங்கிய இடத்தில் ஒரு டி.என்.எஸ். ரெக்கார்டை (கூகுள் தரும் ஒரு வரிக் குறியீடு) சேர்த்தால் தளம் உங்களுடையதுதான் என்று கூகுள் ஒப்புக்கொள்ளும். இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்: ஓனர் உரிமை உங்கள் ஜிமெயிலில் இருக்க வேண்டும். சைட் செய்து கொடுத்தவரின் மெயிலில் மட்டும் இருந்தால், அவரோடு மனஸ்தாபம் வந்த அன்றைக்குக் கணக்கு வழக்கும் அவரோடு போய்விடும்.

உள்ளே பர்ஃபார்மன்ஸ் என்று ஒரு பக்கம். நான்கு எண்கள். இம்ப்ரெஷன் என்றால் தேடல் முடிவில் உங்கள் லிங்க் எத்தனை முறை வந்தது. பார்த்தவர் அதுவரை கீழே உருட்டியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை, அந்தப் பக்கத்தில் லிங்க் இருந்தாலே பெரும்பாலும் கணக்கு. கிளிக் உங்களுக்கே தெரியும். கிளிக்கை இம்ப்ரெஷனால் வகுத்தால் வருகிற சதவீதம் சி.டி.ஆர். நான்காவதுதான் வில்லங்கம் பிடித்தது: ஆவரேஜ் பொசிஷன், தேடல் முடிவுகளில் உங்கள் லிங்க் வந்த இடங்களின் சராசரி.

ஒரு கணக்குக்கு இப்படி வைத்துக்கொள்வோம். உங்கள் ஹோம்ஸ்டே பெயரைப் போட்டு 100 தேடல். எல்லாவற்றிலும் முதலிடம், 40 பேர் கிளிக் செய்தார்கள். ஆவரேஜ் பொசிஷன் 1, சி.டி.ஆர். 40 சதவீதம். அடுத்து நீங்கள் பூம்பாறையைப் பற்றி ஒரு நல்ல பக்கம் எழுதுகிறீர்கள். "கொடைக்கானல் ஹோம்ஸ்டே" என்ற தேடலில் முதல்முறையாக நீங்களும் தலைகாட்டுகிறீர்கள், 300 முறை, ஆனால் நாற்பதாவது இடத்தில். இப்போது மொத்தமாகக் கூட்டி வகுத்தால் ஆவரேஜ் பொசிஷன் 30.25. சி.டி.ஆர். 10 சதவீதம். வரைபடத்தைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். உண்மையில் என்ன நடந்தது? ஒரு கிளிக்கும் குறையவில்லை. இதுவரை உங்களைப் பார்க்காதவர்களின் தேடலில் போய் நிற்கிறீர்கள், அவ்வளவுதான். இதைப் பார்த்துப் பயந்துபோய் அந்தப் பூம்பாறைப் பக்கத்தையே அழித்தால் என்ன சொல்வது? மலைப்பூண்டு விலையையும் தரைநாட்டுப் பூண்டு விலையையும் கூட்டி வகுத்துச் சராசரி விலை சொன்னால் எந்த வியாபாரியாவது கேட்பாரா?

ஆகவே முதல் வேலை, பிரிப்பது. குவெரி ஃபில்டரில், அதாவது தேடல் சொற்களைச் சலித்தெடுக்கும் வசதியில், உங்கள் பெயர் இருக்கிற தேடல்களைத் தனியாக எடுத்துவையுங்கள். பெயரைத் தப்பும் தவறுமாக அடிப்பவர்களும் உண்டு, தமிழில் அடிப்பவர்களும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே வரியில் பிடிக்க ரெஜெக்ஸ் என்ற குறியீட்டு வசதி 2021 முதல் இருக்கிறது. பெயர் போட்டுத் தேடுகிறவர் ஏற்கெனவே உங்களை அறிந்தவர், யாரோ சொல்லி வந்தவர். அந்த எண்ணிக்கை கூடினால் உங்கள் விருந்தோம்பலுக்குப் பெருமை. வெப்சைட்டின் சாமர்த்தியம் மீதித் தேடல்களில்தான் தெரியும்.

மீதியையும் அப்படியே விழுங்காதீர்கள். 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வர இ-பாஸ் என்ற ஆன்லைன் அனுமதிச் சீட்டு வந்தது அல்லவா? உடனே நம் ஊரில் பலர் இ-பாஸ் எடுப்பது எப்படி என்று ஒரு பக்கம் போட்டார்கள். அப்படி ஒரு பக்கம் இருந்தால் இம்ப்ரெஷன் ஜிவ்வென்று ஏறும். தேடி வருகிறவருக்கு வேண்டியது அரசின் இணையதளம். உங்கள் அறை இல்லை. வந்தார், லிங்க்கை எடுத்தார், போய்விட்டார். அந்தப் பக்கம் இருக்கட்டும், நாலு பேருக்கு உதவிதான். வளர்ச்சிக் கணக்கில் மட்டும் அதைச் சேர்க்காதீர்கள். "மன்னவனூர் பக்கம் குடும்பத்தோடு தங்க இடம்" என்று தேடி வந்த பத்துப் பேர், இ-பாஸுக்கு வந்த ஆயிரம் பேரைவிட எனக்குப் பெரிது.

அடுத்தது சீசன். மலையூரில் இருந்துகொண்டு ஜூலையை மே மாதத்தோடு ஒப்பிட்டு "சைட் விழுந்துவிட்டது" என்று ஒருவர் புலம்பினால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கிற மே மாதத்தில் உலகமே நம்மைத் தேடும். பள்ளிக்கூடம் திறந்தால் தேடலும் கீழே இறங்கிவிடும், கூட்டம் மலை இறங்குகிற மாதிரியே. ஒப்பிட்டால் போன வருட ஏப்ரல், மே மாதங்களோடு ஒப்பிடுங்கள். கம்பேர் என்ற வசதி அங்கேயே இருக்கிறது.

ஆனால் சர்ச் கன்சோல் 16 மாதக் கணக்கைத்தான் வைத்திருக்கும். அதனால் நம் ஊர்க்காரர்கள் ஜூலை முடிவதற்குள் உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும். ஆகஸ்ட் பிறந்தால் போன வருட ஏப்ரல் ஒவ்வொரு நாளாகக் கழன்றுகொண்டே போகும். எக்ஸ்போர்ட் பட்டனை அழுத்தி ஷீட்டில் சேமித்துவிடுங்கள். 2018-ல் குறிஞ்சி பூத்தபோது மக்கள் என்னவெல்லாம் தேடி நம் பக்கம் வந்தார்கள் என்று இன்று சர்ச் கன்சோலில் பார்க்க வழியில்லை. அடுத்த பூப்பு 2030-ல். இன்றிலிருந்து சேமித்து வைக்கிறவருக்கு அன்றைக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது இருக்கும்.

வருடக் கணக்கு பார்க்கும்போது ஒரு மேடு பள்ளத்தை நினைவில் வையுங்கள். 2025 செப்டம்பரில், ஒரே பக்கத்தில் நூறு முடிவுகளைக் காட்ட வைக்கும் வழியை கூகுள் அடைத்தது. கூகுளில் எத்தனாவது இடம் என்று பார்த்துச் சொல்கிற கருவிகள் பல அந்த வழியில்தான் ஓடிக்கொண்டிருந்தன. எண்பதாவது, தொண்ணூறாவது இடத்தில் இருந்த லிங்க்குக்கும் அவற்றால் இம்ப்ரெஷன் விழுந்துகொண்டிருந்தது. அது நின்றதும் பல தளங்களில் இம்ப்ரெஷன் சட்டென்று இறங்கியது, ஆவரேஜ் பொசிஷன் தானாக முன்னேறியது. சைட்டில் ஒரு எழுத்தைக்கூட யாரும் மாற்றவில்லை. அந்த மாதத்தைக் காட்டி "உங்களை மேலே தூக்கிவிட்டேன்" என்று யாராவது பில் நீட்டினால், கிளிக் கூடியதா என்று மட்டும் கேளுங்கள்.

கிளிக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. 2024 ஆகஸ்டிலிருந்து இந்தியாவிலும் ஏ.ஐ. ஓவர்வியூ, அதாவது தேடல் முடிவுகளுக்கு மேலே ஏ.ஐ. எழுதித் தரும் சுருக்கம், வருகிறது. மேலேயே பதில் கிடைத்துவிட்டால் பலர் கீழே வருவதில்லை. "கொடைக்கானலில் எப்போது குளிர் அதிகம்" மாதிரியான கேள்விகளுக்கு இனிமேல் பெரிய எதிர்பார்ப்பு வைக்காதீர்கள் என்பது என் கருத்து.

அப்புறம் சின்னச் சின்னக் குழப்பங்கள். தேடல் சொற்களின் பட்டியலில் உள்ள கிளிக்கைக் கூட்டினால் மேலே இருக்கிற மொத்தத்தோடு ஒத்துப்போகாது. மிகச் சிலரே தேடிய சொற்களைத் தனியுரிமைக்காக கூகுள் பட்டியலில் காட்டாது. நம் மாதிரிச் சின்ன ஊர்த் தளங்களில் அப்படி மறைவது கணிசமாக இருக்கும். தினசரிக் கணக்கு கலிபோர்னியா நேரப்படி. நமக்கு மதியம் பன்னிரண்டரை, குளிர்காலத்தில் ஒன்றரை மணிக்குத்தான் அங்கே தேதி மாறும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை மணி சுத்தமாகப் பிரிக்க நினைக்காதீர்கள்.

சைட்டின் வேகம்? பக்கத்தின் முக்கியப் பகுதி இரண்டரை விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் சொல்லும் அளவு. அருவிப் படங்களை அப்படியே கேமராவிலிருந்து ஏற்றாமல் சுருக்கி ஏற்றுங்கள், பாதி வேலை முடிந்தது. டொமைன் அத்தாரிட்டி என்று ஒரு மதிப்பெண்ணைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். அது மாஸ் என்ற தனியார் நிறுவனத்தின் கணிப்பு, கூகுள் அதைப் பயன்படுத்துவதில்லை. முதலிடம் உத்தரவாதம் என்று யாராவது சொன்னால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். அப்படி யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது.

கடைசியாக, ஏரிப் பக்கம் சாப்பாட்டுக் கடை, சாக்லேட் கடை வைத்திருப்பவர்களுக்கு. உங்கள் ஆட்கள் ஏற்கெனவே ஊருக்குள் வந்துவிட்டவர்கள், மேப்பில் தேடுகிறார்கள். எத்தனை பேர் போன் செய்தார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள் என்பது சர்ச் கன்சோலில் வராது, கூகுள் மேப்பில் உங்கள் கடையைக் காட்டும் பிசினஸ் ப்ரொஃபைலில்தான் இருக்கும். நீங்கள் முதலில் அதைத் திறங்கள். அதை எப்படிப் படிப்பது என்று அடுத்த வீடியோவில், கரண்ட் இருந்தால் இந்த வாரமே போடுகிறேன். வரட்டுமா மக்களே.