பாரிட் சூலோங் பாலத்தருகே ஓர் இரவு

(மலேசியாவின் ஜோகூர் மாநிலம், யோங் பெங் கோயில் மண்டபத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும், தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

நம்மில் பலர் மூவாருக்குப் போகும்போது பாரிட் சூலோங் ஆற்றுப் பாலத்தைத் தாண்டித்தான் போகிறோம். நானும் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். 1942 ஜனவரி 21-ஆம் தேதி ராத்திரி அந்தப் பாலத்துக்கு அந்தப் பக்கம் லாரி லாரியாகக் காயம்பட்ட ஆட்கள் கிடந்தார்கள் என்பதை நான் ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அவர்களை அழைத்துக்கொண்டு வந்த அதிகாரியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். பெயர் சார்ல்ஸ் ஆண்டர்சன், லெப்டினன்ட் கர்னல். ஆஸ்திரேலியாவின் 2/19-ஆம் காலாட்படைப் பட்டாளத்தின் தலைவர்.

"வெள்ளைக்காரத் துரையைப் பற்றி நமக்கு என்ன பேச்சு?" என்று ஒரு பெரியவர் வாசலிலேயே கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. பதில் பேச்சுக்குள்ளேயே வரும் ஐயா, கொஞ்சம் பொறுங்கள்.

ஆண்டர்சன் பிறந்தது 1897-இல், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில். வளர்ந்தது கென்யாவில். முதல் உலகப் போரில் கிழக்கு ஆப்பிரிக்கக் காடுகளில், ஆப்பிரிக்கச் சிப்பாய்களோடு சேர்ந்து சண்டையிட்டு மிலிட்டரி கிராஸ் விருது வாங்கினார். பிறகு ஆஸ்திரேலியப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, 1930-களில் அங்கே குடியேறி ஆட்டுப் பண்ணை வைத்தார். இரண்டாம் போர் வந்ததும் மறுபடி சீருடை. 1941-இல் மலாயா வந்தபோது வயது நாற்பத்து நான்கு. காட்டைக் கண்டு பயப்படாதே, காடு உனக்கும் துணைதான் என்று தன் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுக்கக்கூடிய அனுபவம் அவருக்கு இருந்தது. அன்றைக்கு மலாயாவில் அப்படிப்பட்ட அதிகாரிகள் குறைவு.

சரி, சண்டைக்கு வருவோம். ஜனவரி நடுவில் ஜப்பான் படை மூவார் ஆற்றைத் தாண்டியது. அங்கே காவலுக்கு நின்றது 45-ஆவது இந்தியப் படைப்பிரிவு. ஜாட், கட்வாலி, ராஜபுதன ரைபிள்ஸ் என்று மூன்று பட்டாளங்கள். மத்திய கிழக்குப் பாலைவனத்துக்கென்று திரட்டிய பிள்ளைகளை இங்கே கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் பலர். ரப்பர் காட்டை முன்பின் பார்த்திராதவர்கள். அவர்களுடைய அதிகாரிகளில் பெரும்பாலோர் முதல் சில நாட்களிலேயே செத்துப்போனார்கள். அந்தப் பிள்ளைகள் சிதறியதற்குப் பின்னாளில் சிலர் அவர்களையே குறை சொல்லி எழுதினார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. பயிற்சி கொடுக்காமல் முன்னால் நிறுத்தியவர்கள்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

18-ஆம் தேதி, மூவாருக்கும் பாரிட் சூலோங்குக்கும் இடையிலுள்ள பக்ரியில், சாலையோடு வரிசையாக வந்த ஜப்பான் டாங்கிகளை ஆஸ்திரேலியப் பீரங்கிக்காரர்கள் அடித்து நொறுக்கினார்கள். ஆனால் மறுநாள் குண்டு விழுந்து, இந்தியப் படைப்பிரிவின் தலைமையகமே அழிந்துபோனது. பொறுப்பு ஆண்டர்சன் கைக்கு வந்தது. அப்போதே அவர் கிளம்பியிருக்கலாம். பின்னால் சாலை அடைபட்டுக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியும். இருந்தாலும் தனியாக மாட்டிக்கொண்ட ஜாட் பிள்ளைகள் வந்து சேரட்டும் என்று பக்ரிச் சந்திப்பை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்தத் தாமதத்துக்குக் கொடுத்த விலை அதிகம். தப்பு என்று சொல்பவர்களும் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வாசலில் கேட்ட ஐயாவுக்கு இதுதான் என் முதல் பதில்.

20-ஆம் தேதி விடியற்காலையில் பாரிட் சூலோங் பக்கம் பின்வாங்கும் நடை தொடங்கியது. மரங்களை வெட்டிச் சாலையில் குறுக்கே போட்டு, இரண்டு பக்கமும் இயந்திரத் துப்பாக்கியோடு ஜப்பான்காரர்கள் காத்திருந்தார்கள். ஒரு தடையை உடைத்தால் அடுத்தது. ஓரிடத்தில் ஆட்கள் பாட்டுப் பாடிக்கொண்டே துப்பாக்கிக் கத்தியோடு பாய்ந்தார்கள். ஆண்டர்சனே முன்னால் போய்க் கைக்குண்டு வீசி இரண்டு துப்பாக்கி மேடைகளை அழித்தார். அதே நாள் இன்னொரு பாய்ச்சலில் இந்தியப் படைப்பிரிவின் தலைவர் டங்கன் செத்தார்.

என் தாத்தா அப்போது பால்வெட்டுத் தொழிலாளி. வாளியைப் போட்டது போட்டபடி லயத்துக்கு ஓடி வந்தாராம். "பால்மரக் காட்டில் வெடிச்சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே தெரியாதப்பா, எல்லா மரத்திலிருந்தும் வருவதுபோல் இருக்கும்" என்பார். அந்த ஆட்கள் அப்படிப்பட்ட காட்டைத்தான் இரண்டு நாள் கடந்து வந்தார்கள்.

21-ஆம் தேதி விடியும்போது பாரிட் சூலோங். பாலம் ஜப்பான்காரன் கையில். காயம்பட்டவர்களோ லாரி கொள்ளாமல் கிடக்கிறார்கள். சாயங்காலம் ஆண்டர்சன், மிக மோசமாகக் காயம்பட்டவர்களை இரண்டு ஆம்புலன்ஸ்களில் ஏற்றிப் பாலத்துக்கு அனுப்பி, இவர்களை மட்டுமாவது கடந்துபோக விடுங்கள் என்று கேட்டார். முழுப் படையும் சரணடைந்தால்தான் என்று பதில் வந்தது. மறுத்துவிட்டார். வண்டிகளைப் பாலத்தை விட்டு நகர்த்தக் கூடாது, நகர்ந்தால் சுடுவோம் என்றார்கள். இருட்டியதும், தானே காயம்பட்டுக் கிடந்த ஓர் இளம் அதிகாரியும் ஒரு டிரைவரும் பிரேக்கைத் தளர்த்திவிட, இரண்டு வண்டிகளும் சத்தமில்லாமல் பாலத்துச் சரிவில் பின்பக்கமாக உருண்டு வந்தன. அப்புறம் வெடிச்சத்தத்தின் மறைவில் இன்ஜினைப் போட்டுத் தங்கள் ஆட்களிடம் வந்து சேர்ந்தார்கள்.

மறுநாள் 22-ஆம் தேதி காலை, உதவி வராது என்று உறுதியான பிறகு, வண்டிகளையும் பீரங்கிகளையும் அழித்துவிட்டு நடக்க முடிந்தவர்கள் சதுப்புக் காட்டுக்குள் போகலாம் என்று ஆணையிட்டார். நடக்க முடியாதவர்களை விட்டுவிட்டுப் போக வேண்டும். அந்த ஆணையை வாயால் சொன்ன நேரம் அவருக்கு எப்படி இருந்திருக்கும்! இரண்டு நாள் அவர்களைச் சுமந்துகொண்டு வந்த மனிதர் அவர்.

நடந்து வந்து சேர்ந்த ஊர் எது தெரியுமா? இந்த யோங் பெங்தான். சுமார் 500 ஆஸ்திரேலியர், 400 இந்தியர். விட்டுவந்தவர்களில் சுமார் 110 ஆஸ்திரேலியரையும் 40 இந்தியரையும் ஜப்பான் படை கொன்றது. தப்பிய ஒரு சிலரின் சாட்சியத்தில் உண்மை வெளிவந்தது. அந்தப் படையின் தளபதி நிஷிமுரா 1951-இல் தூக்கிலிடப்பட்டார்.

போர்க்கள வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான விக்டோரியா கிராஸ் ஆண்டர்சனுக்கு அறிவிக்கப்பட்டது பிப்ரவரி 13-ஆம் தேதி. இரண்டு நாளில் சிங்கப்பூர் விழுந்தது, அவர் கைதியானார். பர்மா பக்கம் கொண்டுபோய், சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைக்க ஜப்பான்காரர்கள் போட்ட மரண ரயில் பாதையில் வேலை வாங்கினார்கள். நம் தோட்டத்து ஆட்களைப் பெரும்பாலும் சயாம் பக்கமிருந்து இறக்கினார்கள். என் தாத்தாவின் தம்பியும் அப்படிப் போனவர்தான், திரும்பவில்லை. 415 கிலோமீட்டர் பாதை. இரண்டு பக்கத்துத் தண்டவாளமும் 1943 அக்டோபரில் கொன்கொய்தாவில் சேர்ந்தது. விருது வாங்கிய கர்னலும் பெயர் எழுதப்படாத எங்கள் சின்னத் தாத்தாவும் ஒரே பாதையின் இரண்டு முனையில் இருந்தார்கள் என்று நினைக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அவர் உயிரோடு திரும்பிப் பண்ணையைப் பார்த்தார், இரண்டு முறை நாடாளுமன்றத்துக்கும் போனார். 1988 நவம்பர் 11-ஆம் தேதி, போரில் இறந்தவர்களை நினைக்கும் அந்த நாளிலேயே, 91 வயதில் கான்பெராவில் காலமானார்.

வருகிற ஜனவரி 22 காலையில் பாலத்துக்குப் போக ஒரு வேன் பேசியிருக்கிறேன். பூ நான் கொண்டுவருகிறேன். அந்த நாற்பது இந்தியப் பிள்ளைகளுக்கு அங்கே ஒரு விளக்கு ஏற்ற வேண்டும். வரக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். பதினான்கு பேருக்குத்தான் இடம் இருக்கிறது, அதற்கு மேல் வந்தால் இன்னொரு வேன் பார்ப்போம்.